திரைக்குப் பின்னால் இருந்த மௌனம்

றலியா,

ரொட்டி உறியில் இருக்கிறது. அலுமாரிச் சாவி சீனிப் போத்தலுக்குப் பின்னால். ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது. அதனால் உன் புருஷன் என்றே எழுதியிருக்கிறது.

நேற்றுத் திகனவில் உன் புருஷன் ஒரு வீட்டில் விற்கக் கொண்டுபோன சீலை மூட்டையை அவிழ்த்தான். பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள், சத்தமே இல்லை. பிடித்துவிட்டது என்று நினைத்து, கல்யாணச் சிவப்பை விரித்து, “மருதாணிக் கைக்கு இதுதான் எடுப்பு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். கடைசியில் வீட்டுப் பெரியவர் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: “தம்பி, மாப்புள மவுத்தாப் போய்ட்டாரு. மக இத்தாவில இரிக்கிறா.”

புருஷன் செத்துத் துக்கம் காக்கிறவளுக்கு முன் விரித்த அந்தச் சீலையை மடிக்கக்கூடக் கை வரவில்லை.

தெல்தோட்டைத் தோட்டத்தில் மிச்சமென்று மலிவாக விற்கும் இழுவை வண்டியைப் பற்றிச் சொன்னபோது நீயும் இப்படித்தான் பேசாமல் இருந்தாய். அதை இழுக்க நம்மிடம் மோட்டாரும் இல்லை, மாடும் இல்லை. ஆனாலும் உன் புருஷன் நீ பேசாததைச் சம்மதமாக எடுத்து, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரய்யாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

மூட்டை வீட்டிலேயே இருக்கிறது. மன்னிப்புக் கேட்கத்தான் இன்று திகனவுக்குப் பயணம்.

மறந்துபோனது: வீரய்யா இன்று முடிவு கேட்டு வருவார். வண்டி வேண்டாமென்றால் திரைக்குப் பின்னாலிருந்து நீயே சத்தமாகச் சொல்லு. நீ சொல்வதுதான் முடிவு. நான் அதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.