ரோஸ் பல்பொடி வைத்த படையல்

என் கண்ணு அஞ்சலைக்கு,

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. எழுபத்தொன்றில் ஒன்பது வயதோடு நீ நின்றுவிட்டாய். நான் மட்டும் வளர்ந்து, கல்யாணமாகி, செங்கல்பட்டில் ரயில்வே லைன் ஓரம் குடித்தனம் நடத்துகிறேன். ஐந்து வயதில் ஒரு மகள். அம்மா ஆசைப்பட்டாள் என்று அவளுக்கு உன் பேரைத்தான் வைத்தோம். காலையில் "அஞ்சல, பல்லு வெளக்க வா" என்று கூப்பிடும்போதெல்லாம், வருவது நீயாக இருக்குமோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

நம் குப்பத்து வீட்டில் உனக்குப் பல் விளக்கிவிடும் வேலை என்னுடையது, நினைவிருக்கிறதா? மீன் கூடையைத் தலையில் ஏற்றும் முன் அம்மா நம் இருவரையும் நிற்கவைத்து "ஊது" என்பாள். பல்பொடி வாசம் அடித்தால் போதும், கிளம்பிவிடுவாள். பதினைந்து வயதில் எனக்கு விடிந்தும் தூக்கம் கலையாது. ஒருநாள் உன் உள்ளங்கையில் ரோஸ் பொடியைக் கொட்டி, "நக்கிட்டுப் போய் ஊதுடி, வுட்ருவா" என்றேன். அது இனிப்பாக வேறு இருந்ததா, நீ பிடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ பல்லே விளக்கவில்லை. பொட்டலம் சீக்கிரம் தீர்ந்தது. தன் சின்னப் பெண்ணுக்கு எவ்வளவு சுத்தம் பார் என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசினாள்.

பிறகு நீ சோற்றை ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தாய். கடைவாய்ப் பல்லில் ஓட்டை. "வலிக்குதுக்கா. அம்மாகிட்ட சொல்லிடாத" என்றாய். நான் கிராம்பை வைத்து அழுத்திவிட்டு, சொல்லமாட்டேன் என்றேன். உனக்காகவா சொன்னேன்? விஷயம் வெளியே வந்தால் முதல் அடி எனக்குத்தானே விழும்.

ஒரு காலையில் உன் கன்னமும் கழுத்தும் வீங்கிவிட்டன. பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். கழுத்தில் தங்கம் போட்டால் வடிந்துவிடும் என்பதுதானே நம் ஊர் வைத்தியம். அம்மாவிடம் ஏது தங்கம்? வீடு வீடாகக் கேட்டு அலைந்ததில் ஒரு பகல் போனது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். வேப்பிலைமேல் உன்னைப் படுக்கவைத்து அதைப் போட்டுவிட்டார்கள். வாய் திறக்க முடியாமல் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். இது பல்லும்மா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் உனக்கு எச்சில்கூட இறங்கவில்லை, மூச்சு இழுத்தது. பஸ் பிடித்துச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்குள் இறங்கிவிட்டது, இந்தப் பல் எத்தனை நாளாக வலித்தது என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். அங்கேயும் பொய் சொன்னேன், அஞ்சலை. நர்ஸ் கழற்றிக் கொடுத்த சங்கிலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு அம்மா வராந்தாவில் நின்றிருந்தாள். பொழுது சாயும் முன் நீ போய்விட்டாய்.

தங்கம் ஒருநாள் தாமதமாகக் கிடைத்ததால்தான் நீ போனாய் என்று அம்மா இத்தனை வருஷமும் நம்பினாள். கன்னியாகப் போன பெண் என்று ஒவ்வொரு ஆடியிலும் உனக்குப் படைக்கிறாள். பாவாடை, வளையல், கொழுக்கட்டை, அதன் பக்கத்தில் ஒரு பொட்டலம் ரோஸ் பல்பொடி. "பல்லு வெளக்கறதுன்னா எம் பொண்ணுக்கு உசுரு" என்று சொல்லிச் சொல்லி வைப்பாள். இலைக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் எனக்கு, நீ அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்ப்பது போலவே இருக்கும்.

இந்த ஆடிக்குக் குப்பத்துக்குப் போயிருந்தபோது அது நடந்தது. உன்னை நினைத்து நினைத்து, என் மகளின் பல்லை ஈறில் ரத்தம் வருகிற அளவு தேய்ப்பவள் நான். பிரஷ்ஷைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். அன்றைக்கு அவள் உன் இலையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி நக்கினாள். ஓடிவந்து என் முகத்தில் ஊதினாள். "வெளக்கிட்டேம்மா, மோந்து பாரு" என்றாள். சத்தியமாக யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவள் பயப்படுவது பிரஷ்ஷுக்கு இல்லை, எனக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு இவளுக்கும் பல் வலித்தால் என்னிடம் சொல்வாளா? அங்கேயே, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப எம் பொண்ணுக்கு அத்தினி நாளா வலிச்சுகினே இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். இரண்டு நாள் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் செங்கல்பட்டுக்குக் கிளம்பியபோது பஸ் வரைக்கும் வந்தாள். "கொழந்தையாண்ட கத்தாத. மோந்து பாக்காத, வாயத் தொறந்து பாரு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள்.

இப்போது காலையில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து விளக்குகிறோம். அவள் பல்லை அவளே தேய்க்கிறாள், விட்ட இடத்தை நான் மெதுவாகத் தேய்க்கிறேன். பிறகு முதலில் நான் வாயைத் திறந்து காட்ட வேண்டும், அடுத்தது அவள். இதுதான் ஒப்பந்தம். ஒளிவதும் நின்றுவிட்டது. திங்கட்கிழமை என் வாய்க்குள் எட்டிப் பார்த்தவள், "உள்ள ஒண்ணு கருப்பா கீதும்மா. வலிக்குதா?" என்றாள்.

மூன்று வருஷமாக வலிக்கிறது, அஞ்சலை. எனக்கு வலிக்கட்டும் என்றுதான் விட்டுவைத்திருந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

"வலிக்குதுடி" என்றேன்.

"சொல்ல வேண்டியதுதானம்மா" என்றாள். உன் பேரை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாள்.

நாளைக்குப் பல் டாக்டரிடம் போகிறோம். கூட வந்து கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஆடியில் உன் இலையில் பல்பொடி இருக்காது. நீ எதனால் போனாய் என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். இவள் வலிக்கிறது என்று சொன்னால் அந்த நிமிஷமே காது கொடுப்பேன், ஏன் என்று அதட்டமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

சொல்லாதே என்று நீ கேட்டதை எட்டு வருஷம் கழித்துச் சொல்லிவிட்ட,
உன் அக்கா கன்னியம்மா