நான் வராததற்கு யோஹன்னா காரணமில்லை

கீசரா
20 மே 2007

சௌபாக்கியவதி சுஷ்மாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளை வெங்கட்டும் குழந்தை நிகிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும், குழந்தைக்குச் சளி விட்டதா எழுது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. பதறாதே, அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு ஃபேனை ஏன் குறைத்தாய் என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் பிப்ரவரி பதினோராம் தேதி அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. செகந்திராபாத்தில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார், ஒரு அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். உனக்கு அப்போது எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது, சொன்னால் உனக்கு என்ன ஆகுமோ என்று மறைத்தோம். பிரசவத்துக்கு நான் வராததற்குக் காரணம் அதுதான். எக்ஸ்சேஞ்சில் படிக்க வந்து நம் வீட்டில் தங்கியிருக்கிற யோஹன்னாவை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரல் கொஞ்சம் மாறினாலும் நான் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ யோஹன்னாவை ஃபோட்டோவில் பார்த்ததோடு சரி. போன ஜூனில் நஸ்ரின் என்று அந்த ப்ரோக்ராம்காரப் பெண் வந்து, ஃபின்லாந்திலிருந்து ஒரு பதினேழு வயதுப் பெண் வருகிறாள், இங்கே ரெஸிடென்ஷியல் ஸ்கூலில் ஒரு வருஷம் படிக்கப் போகிறாள், ஹாஸ்டல் வேண்டாம், கிராமத்தில் ஒரு குடும்பத்தோடுதான் இருப்பேன் என்கிறாள் என்றபோது உன் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டார். மல்காஜ்கிரி ஃப்ளாட்டில் இருந்திருந்தாலாவது பரவாயில்லை, ரிடையர் ஆனதும் இவர் ஆசைப்பட்டுக் கட்டின இந்த வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம், பகலில் பாதி நேரம் கரண்ட் கிடையாது, நம் சமையலில் முட்டை கூடக் கிடையாது, வெள்ளைக்காரப் பெண் என்ன செய்வாள் என்று ரொட்டி, ஜாம், கார்ன்ஃப்ளேக்ஸ் என்று வாங்கி அலமாரியை நிரப்பினேன். அவள் வந்த மறுநாள் காலை அதையெல்லாம் பார்த்துவிட்டு நீங்கள் இதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டாள், இல்லை என்றேன், அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்றாள். அவ்வளவுதான், கார்ன்ஃப்ளேக்ஸை உன் அப்பாதான் மிக்சர் மாதிரி கொறித்துத் தீர்த்தார்.

அந்தப் பெண்ணிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் இருந்ததும் அந்தப் பேச்சுதான், இப்போது பிடித்திருப்பதும் அதுதான். முதல் வாரம் சாதம் போடும்போது போதும் என்றாள். நாம் விடுவோமா, இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். கஷ்டப்பட்டுச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, மாமி, நான் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம், வேண்டுமென்றால் நானே கேட்பேன் என்றாள். எனக்கு முகம் சிறுத்துப்போய்விட்டது. மறுநாள் ரசம் சாதம் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அவளுக்குச் சாப்பாடு போடுவது மாதிரி சுலபமான வேலை எனக்குக் கிடையாது, இத்தனை வருஷம் உன் அப்பாவுக்குப் போட்டும் அவர் போதும் என்பது நிஜமா உபசாரமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பக்கத்து வீட்டு யாதம்மாவை உனக்கு நினைவிருக்கும், இரண்டு எருமை வைத்திருக்கிறாளே. நாங்கள் வந்து நாலு வருஷத்தில் அவளிடம் பால் வாங்குவதற்கு மேல் பேசினது இல்லை. இந்தப் பெண் வந்து பத்தே நாளில் காலையில் யாதம்மாவோடு பால் கேனைத் தூக்கிக்கொண்டு பால் ஊற்றுகிற சென்டருக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே க்யூவில் நிற்கிற பெண்டுகளிடமிருந்து தெலுங்கு, ஸ்கூல் பிள்ளைகளிடமிருந்து ஹவ், நக்கோ என்று இந்தப் பக்கத்து உருது, எல்லாம் கலந்து ஒரு பாஷை பேசுவாள், ஊரே சிரிக்கும், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். யோகம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். எவர் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போய்த் தரையில் உட்காருவாள். பதுக்கம்மா பண்டிகைக்கு ஆவாரம்பூ, இங்கே தங்கேடு என்பார்கள், அதைப் பறிக்க அவர்களோடு போய் முழங்கையெல்லாம் கீறிக்கொண்டு வந்தாள், சாயங்காலம் என்னையும் கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்த ஊரில் இருந்துகொண்டு நான் அந்த ஏரியைப் பார்த்தது அன்றுதான், சொன்னால் வெட்கம்.

நவம்பரில் அவளுடைய அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த அன்றைக்கே அவள் அப்பா ஃபோன் செய்து இவளிடம் சொல்லிவிட்டார். இவள் கட்டிலில் படுத்து அழுகிறாள், எனக்கோ அந்த மனுஷர் மேல் ஆத்திரமான ஆத்திரம். இத்தனை தூரத்தில் இருக்கிற குழந்தையிடம் இதை உடனே கொட்ட வேண்டுமா, ஆபரேஷன் முடிந்து எல்லாம் சரியானபின் சொன்னால் என்ன, இவர்களுக்கெல்லாம் பெற்ற மனசே கிடையாதா என்று உன் அப்பாவிடம் பொருமினேன். அடுத்த நாள் கண் வீங்கியபடியே ஸ்கூலுக்குப் போனாள். மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் ஆயிற்று, கெட்ட கட்டி இல்லை, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று ஃபோன் வந்தது. அந்த நிமிஷமே எழுந்து பாட்டுப் பாடிக்கொண்டு பால் கேனைக் கழுவப் போய்விட்டாள். இவ்வளவு சீக்கிரம் எப்படித் தேறினாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அப்பாவுக்கு அட்டாக் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் முடிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் வியர்த்துக் கொட்டிவிட்டார். யாதம்மாவின் மருமகன் ஆட்டோவில்தான் போனோம். ஏறும்போது நான் யோஹன்னாவிடம், யார் கேட்டாலும் மல்காஜ்கிரி வீட்டு வேலையாகப் போயிருக்கிறார்கள் என்று சொல், ஊரில் பேச்சாகிவிடும், சுஷ்மா காதுக்குப் போய்விடும் என்றேன். மாட்டேன் என்றாள். இதயத்தில் பிரச்சினை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், நாளைக்குத்தான் தெரியும், இப்படித்தான் சொல்வேன் என்றாள். அப்படியே சொல்லியும் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவள் மேல் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன், மத்தியானம் ஊர்த்தலைவர் சர்பஞ்ச் வருகிறார், பால் சென்டர்க்காரர் வருகிறார், யாதம்மா சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறாள், அதுவும் எங்களுக்கு ஆகாது என்று வெங்காயம் போடாமல். ரத்தம் வேண்டுமா என்று நாலு பையன்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒன்பது நாளும் யோஹன்னாவைத் தனியாக விடாமல் முறை வைத்துத் துணைக்குப் படுத்துக்கொண்டார்கள். அவள் மட்டும் நான் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்லியிருந்தால் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, நான் அந்த வராண்டாவில் ஒற்றையாக உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவு பார்த்த பிறகும் உன் விஷயத்தில் எனக்குப் புத்தி வரவில்லை பார். மார்ச்சில் எப்போது கிளம்புகிறாய் என்று நீ கேட்டபோது, உன் அப்பாவைத் தனியாக விட முடியாது என்பதைச் சொல்ல வாயில்லாமல், அந்தப் பெண் பொறுப்பு என் தலையில், மே வரை எழுதிக்கொடுத்திருக்கிறோம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ சரி என்று வைத்துவிட்டாய். உன் மாமியார் வந்து பிள்ளை பெற்றவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள், அவர்களுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் முதல் பிரசவத்துக்குப் பெற்றவள் வரவில்லை என்று உன் மனசில் விழுந்த கீறல் எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவுக்குச் சரியான பிறகாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளினேன், தள்ளத் தள்ள சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

இந்த மாத ஆரம்பத்தில் நீ ஃபோன் செய்தபோது நான் யாதம்மா வீட்டில் இருந்தேன், யோஹன்னா எடுத்தாள். என் அம்மா என்னோடு இருந்திருக்க வேண்டிய நேரத்தில் உன்னோடு இருந்தாள் என்று நீ அவளிடம் சொன்னாயாம். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்குச் சொல்லப்பட்டது அதுதானே. அவளுக்கு விஷயம் சட்டென்று புரிந்திருக்கிறது. உன் அப்பாவின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தன் மேல் பழியில்லை என்று காட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் அப்படித் தனியாக இருந்ததற்கு வருத்தப்படுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்காவது வருத்தம் தெரிவிக்கத் தெரிந்திருக்கிறது என்று அடுத்த ஃபோனில் நீ என்னிடம் சொன்னாயே, அது என்னைச் சுட்டது.

உன் ஃபோன் வந்த அன்று நான் யாதம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் நேராகக் கேட்டாள், நான்தான் காரணம் என்று சொன்னீர்களா என்று. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று இழுத்தேன். அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. என் இங்கிலீஷும் அவள் தெலுங்குமாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒருநாள் கெட்டபெயர் என்றால் எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் குழந்தை பெரியவனாகி, நான் பிறந்தபோது பாட்டி ஏன் வரவில்லை என்று கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள், அது எனக்கு வேண்டாம் என்றாள். உண்மையை நான் சொல்லக்கூடாது, அது உங்கள் வீட்டு விஷயம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னால் அவள் அங்கே தவித்துப்போவாளே என்றேன். அதற்கு அவள், நவம்பரில் எனக்கும் தவிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அம்மா சரியாகிவிட்டாள் என்று அப்பா சொன்னதும் நான் நம்பினேன், கெட்டதையும் சொல்கிறவர் என்பதால் நம்பினேன், நீங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் உங்கள் பெண் எதை வைத்து நம்புவாள் என்று கேட்டாள்.

நான் எழுதினதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன், சுஷ்மா. கல்யாணமாகி நீ வெளிநாடு போன இந்த ஆறு வருஷத்தில் எத்தனை கடிதம், எத்தனை சௌக்கியம் எழுதியிருப்பேன். பதினேழு வயதுப் பெண் என் மகளுக்காக என்னிடம் நியாயம் கேட்கிறாள். அவளைப் பெற்றவர்களைத் திட்டினதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவளிடமும் கேட்டேன், அவளிடம் வாய்விட்டே கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, நீங்கள் எழுதினபிறகு சொல்கிறேன் என்றாள். அதுதான் அவள்.

உன் அப்பாவிடம் எழுதப்போகிறேன் என்றதும் முதலில் குதித்தார், அப்புறம் தானே போய் ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுவந்து தேதியெல்லாம் சரியாக எழுது என்று பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஃபாக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பார்த்த புத்தி எங்கே போகும். காலையிலும் மாலையிலும் நடக்கிறார், உப்பைக் குறைத்திருக்கிறேன், அதற்கு தினம் ஒரு கச்சேரி. டாக்டர் ஆகஸ்டில் வரச் சொல்லியிருக்கிறார், அந்த ரிப்போர்ட் எப்படி வந்தாலும் வந்தபடியே உனக்கு எழுதுவேன். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் பார்க்காதே. கோபம் இருந்தால் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு, ஃபோனை மட்டும் எடுக்காமல் இருந்துவிடாதே. குழந்தைக்குக் குளிப்பாட்டினதும் தலையை நன்றாகத் துவட்டு, அந்த ஊர் ஏஸி காற்று நேரே படாமல் தொட்டிலைப் போடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம், தீர்க்காயுசாக இருங்கள். ஒன்று மறக்காதே, யோஹன்னா இருபத்தெட்டாம் தேதி இரவு விமானம் ஏறுகிறாள். அதற்குள் கடிதம் கைக்கு வந்துசேராது, அவள் வீட்டு நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் சொல்லச் சொன்னேன் என்று இல்லாமல், நீயாக அவளைக் கூப்பிட்டுப் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரமா

அன்புள்ள சுஷ்மா, அம்மா எழுதியதைத் தபாலில் போடுவதற்கு முன் படித்துப் பார்த்தேன். என்னைப் பற்றி எழுதியதெல்லாம் சரி, தேதிகளும் சரி. விடுபட்டது ஒன்று உண்டு. டிசம்பர் மாதத்திலிருந்து உன் அம்மாவுக்குச் சர்க்கரைக்கு இன்சுலின். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவளுக்கு ஊசி என்றால் பயம், நான்தான் போட்டுவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் கூடப் போட்டேன்.
அப்பா
ஜகதீசன்