வெள்ளைக் கோட்டு விழாவுக்கு அழைப்பு

டாக்டராகப் போகிறவளுக்கு,

மருத்துவப் படிப்பின் தொடக்கத்தில் நீ வெள்ளைக் கோட்டு வாங்கும் விழாவுக்கான அழைப்பு வந்தது. பால்டிமோரில் நம் தெருவிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போவது சாதாரண விஷயமில்லை. சந்தோஷம்.

பொதுச் சுகாதாரம் படித்தபோது எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தாய். என் மகன் மலாக்கியின் கட்டிலுக்கு மேலே சுவரில் படர்ந்திருந்த பூஞ்சையைப் படம் எடுத்தாய்.

"இதனாலதான்டி அவனுக்கு மூச்சு இழுக்குது. வீட்டு ஓனர் மேல புகார் கொடு, நான் கூட நிக்கிறேன்."

"உனக்கென்னடி, படிப்பு முடிஞ்சா போயிடுவ."

கோபித்துக்கொண்டாய். சின்ன வயதிலிருந்தே உன் கோபத்துக்குப் பணிந்தே எனக்குப் பழக்கம். புகாரில் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் உனக்கு நுழைவுத்தேர்வு.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தோடு நீ அனுப்பிய கட்டுரையை உன் அம்மா சர்ச்சில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். மூச்சுத் திணறிய ஒரு குழந்தைதான் உன்னை மருத்துவத்துக்கு அழைத்ததாம். நன்றாகவே எழுதியிருக்கிறாய். அந்தக் குழந்தை இப்போது எங்கே தூங்குகிறது என்பது மட்டும் அதில் இல்லை.

அழைப்பைப் பழைய விலாசத்துக்கு அனுப்பியிருந்தாய். புகாருக்குப் பிறகு வீட்டுக்காரன் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் அண்ணன் வீட்டு நிலவறையில் இருக்கிறோம். அந்தப் பழைய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவள்தான் விசாரித்துக்கொண்டு வந்து இதைக் கொடுத்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"சுவத்துல ஏதோ கறுப்பா இருக்கே, அக்கா. யார்கிட்ட சொல்லணும்?"

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. பெயிண்ட் அடிச்சுக்கோ" என்று அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கட்டுரையில் வரும் குழந்தையின் தாய்