மூன்றாம் தட்டில் முளைத்தது

மார்ச் 3
முளைத்துவிட்டது. மூன்றாம் நாற்றுத்தட்டில், ஒன்றே ஒன்று. பாறைச்சரிவில் இருந்த, இந்த இனத்தின் கடைசிச் செடியும் போன மழையில் சரிந்துவிட்டது. மிஞ்சியது எங்கள் விதை வங்கியின் உறைபெட்டியில் ஒரு கைப்பிடி விதை. பாதியை விதைத்திருந்தோம். முளைக்காவிட்டால் பூண்டோடு அழிந்த கதைதான். இயக்குநர் கண் கலங்கினார். நானும்தான்.

மார்ச் 9
இயக்குநர் அதற்கு 'இளவரசி' என்று பெயர் வைத்திருக்கிறார். பத்திரிகைக்காரர்களை வேறு அழைத்தாயிற்று.

மார்ச் 14
நான்காவது இலை. இந்த இலையை எங்கோ பார்த்திருக்கிறேனே - எங்கே?

மார்ச் 15
பேருந்து நிறுத்தத்தில். சாக்கடையோரம் முழுக்க இளவரசிகள். களை. தட்டு மண்ணை ஆவியில் வேகவைத்துக் களைவிதைகளைக் கொல்வது என் வேலை. இந்தத் தட்டின் முறை வந்த அன்று மின்சாரம் போனதும் பாதியில் இறக்கிவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்வேன்?

கணவரிடம் சொன்னேன். “வேலில போற ஓணான எதுக்கு மடியில விட்டுக்கிற? பூக்குற வரைக்கும் யாருக்குத் தெரியும்?”

“பஸ் ஏறுற அத்தன பேருக்கும் தெரியும்.”

மார்ச் 16
இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். “நாளைக்கு போட்டோ எடுக்க வராங்கம்மா,” என்றார். பாவமாக இருந்தது. இளவரசியை அவரே பிடுங்கினார். இனி தட்டில் எது தலைகாட்டினாலும் பிடுங்கச் சொல்லித் தோட்டக்காரருக்கு உத்தரவு.

எதுவானாலுமா? கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஏப்ரல் 2
ஒன்றும் முளைக்கவில்லை. மீதி விதைகளையும் திங்கட்கிழமை விதைத்துவிடலாம் என்கிறார் இயக்குநர். அதுவும் போனால்? பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4
காலையில் தோட்டக்காரர் தட்டின்மேல் குனிந்திருந்தார். விரலிடுக்கில் ஏதோ பச்சை.

“கைய எடுங்கண்ணே.” கத்தியேவிட்டேன்.

“சார்தான பிடுங்கச் சொன்னாரு?”

“அதோட தலையப் பாருங்க.”

முளையின் உச்சியில் விதைத்தோல் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பில் வெள்ளை வரி. நாங்கள் விதைத்த விதையின் தோல்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தோட்டக்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இயக்குநர் பூதக்கண்ணாடியோடு வந்து நெடுநேரம் பார்த்தார்.

“சந்தோஷப்படலாமாம்மா?”

“படலாம் சார். மெதுவா.”

ஏப்ரல் 6, திங்கள்
இன்னும் நான்கு முளைத்திருக்கின்றன. இயக்குநர் யாருக்கும் போன் செய்யவில்லை. மீதி விதைகள் உறைபெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.