மாஸ்டர் வாயில் குண்டூசி இல்லை

அன்பு மகள் அஃப்ராவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் மூன்று வேளை சாப்பிட்டு, நான்கு வேளை சண்டை போட்டு நலமாகவே இருக்கிறோம். அங்கே லீட்ஸ் குளிரில் உன்னையும் அல்லாஹ் அப்படியே வைத்திருக்க வேண்டும், சண்டை மட்டும் வேண்டாம். போன் கையில் இருக்க, அம்மா தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்காதே, மன்னித்துக்கொள். இந்த வீட்டில் அப்பா காதில் விழாமல் பேச மூலை கிடையாது, விஷயமோ அவரைப் பற்றியது. பயப்படாதே, இப்போது அடுத்த அறையில் கஞ்சியில் உப்பில்லை என்று திருத்தமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் திங்கட்கிழமை காலை கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்கிறார். அதைத் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது புதன்கிழமை, நம் தி.நகர் கடையில். மயிலாப்பூர் மீனாட்சி மாமி பேத்தியின் சீமந்தத்துக்கு ரவிக்கைத் துணி கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார், ஆனால் ராகுகாலத்தில் புதுத் துணியில் கத்தரி படக்கூடாதென்று ஒன்றரை வரை பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். ஒன்றரை அடித்ததும் துணியை நீட்டினார். அப்பா, கை நீளம் எவ்வளவு வேண்டும் என்று நன்றாகத்தான் கேட்டார். மாமி யோசித்துச் சொல்வதற்குள் அப்பா வேறு ஏதோ சொல்ல, ஒரு வார்த்தை புரியவில்லை. யாரும் கவலைப்படவில்லை. இருபத்தைந்து வருஷமாக வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசுகிற மனிதர், அவர் பேச்சு பாதி புரிந்தாலே அன்று நல்ல நாள். மாமி வழக்கம்போல "சரி பாஷா, உங்க இஷ்டப்படியே பண்ணிடுங்கோ" என்றுவிட்டார். நானும் திரும்பிப் பார்க்காமல் அளவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே உட்கார்ந்து ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்த முத்தம்மாதான் நிமிர்ந்து பார்த்து, "இன்னா மாஸ்டர், வாயில ஒரு ஊசியும் இல்ல, இன்னாத்துக்கு இப்டி கொழகொழன்னு பேசிக்கினு கீற?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், வாய் வலது பக்கம் தொங்கியிருந்தது, வலது கை மரத்துவிட்டதென்று இடது கையால் காட்டினார். எதிர்க்கடை பட்டன் வியாபாரி அப்துல் சமத் ஓடி வந்து, இது வலிப்புதான், கையில் இரும்பு கொடுத்தால் தெளிந்துவிடும் என்று சாவி தேடினார், கிடைக்கவில்லை, பெரிய கத்தரியைத் திணித்தார். அது நழுவி மாமியின் கால் கட்டை விரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. அப்பா கையிலிருந்து கத்தரி விழுந்து நான் பார்த்ததே இல்லை. மாமி அந்த அதிர்ச்சியிலும் இது பித்தம்தான் என்று எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்து, பி.ஏ. படித்தவள்தானே, நீ சொல் என்கிறார்கள். தபாலில் வரலாறு படித்தவளுக்கு என்ன தெரியும். முத்தம்மா ஜூஸைப் பிடுங்கிக் கீழே வைத்து, "வாயே கோணிக்கினு கீது, தொண்டையில எறங்குமா? எங்கூட்டுக்காரருக்கு இப்டித்தான் வந்திச்சு, சாயங்காலம் பாத்துக்கலாம்னு வுட்டோம், இன்னிக்கும் ஒரு கை வெளங்கல. நீ 108-க்குப் போடுக்கா" என்றாள். போட்டேன்.

ஆம்புலன்ஸ் பனகல் பார்க்கைத் தாண்டும்போது பேச்சு திரும்பிவிட்டது. முதலில் வந்த தெளிவான வாக்கியம், "மாமிக்குக் கை எட்டு இஞ்சு போதும்." இரண்டாவது, "வந்தது போச்சு, வண்டியைத் திருப்பு." முத்தம்மா, எறங்கிப் பாரு மாஸ்டர், ரெண்டு காலையும் சேத்துத் தச்சிடுறேன் என்று மிரட்டியதால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். டாக்டர் உன் வயதுப் பெண். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டாள். ஆட்டோவில் பின்னாலேயே வந்திருந்த மாமி துணிப்பையோடு முன்னால் போய், "ராகுகாலம் முடிஞ்சு சரியா ரெண்டு நிமிஷம்" என்றார். ராகுகாலம் முடிந்தது ஒன்றரைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தப் பெண் 1.32 என்று எழுதிக்கொண்டாள். இத்தனை துல்லியமாக யாரும் சொன்னதில்லையாம். சில மணி நேரத்துக்குள் மட்டுமே கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறதாம், அதற்கு அந்த நேரம்தான் முக்கியமாம். அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டுத் தானே திறந்துவிட்டது, ஆனால் சரியாகிவிட்டதென்று வீட்டுக்குப் போயிருந்தால் அடுத்த சில நாளில் பெரிதாக வரலாம், அதனால் இதை எச்சரிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இரண்டு நாள் வைத்திருந்து மாத்திரையோடு அனுப்பினார்கள்.

எனக்குக் கூச்சம், ஆனாலும் அந்த டாக்டரிடம் கேட்டுவிட்டேன், தினம் மிஷினில் உட்கார்ந்து கால் மரத்துப்போகிறதே, அதற்கெல்லாம் ஓடி வர வேண்டுமா என்று. சிரித்துக்கொண்டே, மடக்கி வைத்த கால் உதறினால் சரியாகும், அதற்கு வேண்டாம், இரண்டு பாதமும் வாரக்கணக்கில் மதமதவென்று இருந்தால் சர்க்கரை பார்க்க நிதானமாக வாருங்கள், திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது நின்றுவிட்டாலும் உடனே வாருங்கள் என்றாள். தலைசுற்றலோடு நடக்கத் தள்ளாடினாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், இதுவரை வராத தலைவலி வந்தாலும், மயங்கி விழுந்தாலும், நெஞ்சு வலித்தாலும் அப்படியேதானாம். காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று போன மாதம் சொன்னாயே, அதையும் கேட்டேன். படுக்கையில் கொஞ்சம் உட்கார்ந்து பிறகு எழச் சொன்னாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள், தொடர்ந்தால் அங்கேயே டாக்டரிடம் காட்டச் சொன்னாள். காலையில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஓடுகிறாய் என்பதையும் நான் சொல்லிவிட்டேன், கோபப்படாதே.

இத்தனைக்கும் பிறகு அப்பா, டிசம்பரில் உன் நிக்காஹ், உன் உடுப்புக்கு ஜரிகை வேலை முடியாமல் ஓர் அடி நகரமாட்டேன் என்கிறார். அரை மணி நேர ஸ்கேனால் ஜரிகை கறுத்துவிடாது. அவருக்குப் பயம், ஸ்கேனில் என்ன தெரியுமோ என்று. அதைச் சொல்லமாட்டார், உன் உடுப்பின் பின்னால் ஒளிந்துகொள்கிறார். முத்தம்மா மிரட்டியும் ஆயிற்று, மாமி பிரார்த்தனை செய்துகொண்டும் ஆயிற்று.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த வயிற்றோடும் இருக்க துஆ செய்கிறேன். குளிருக்குக் காதை மூடு, வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் படத்தை அழித்துவிடு. கேட்க மனமே வரவில்லை, ஆனால் கேட்கிறேன். நாளை ராத்திரிக்குள் அப்பாவைக் கூப்பிட்டு, நிக்காஹ் உடுப்பை அங்கேயே ரெடிமேடாக வாங்கிவிட்டேன் என்று ஒரு பொய் சொல். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், குதிக்கட்டும், நீ அழாமல் கேட்டுக்கொள். ஸ்கேன் முடிந்ததும் உண்மையை நானே சொல்லி, அந்தத் திட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ஜமீலுன்னிசா