மிளகாய்த் தோட்டத்தில் என் நாவல்

12.3.1982, வெள்ளி

காலையில் விசுவமடு நூலகத்துக்குப் போனேன். என் நாவல் அலுமாரியில் இல்லை. நூலகர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஏழு தடவை இரவல் போயிருக்கிறது. ஏழு தடவையும் ஒரே பெயர்தான்: ராசம்மா. என் முகம் வாடிவிட்டது. இந்த ஊரில் எனக்கு ஒரேயொரு வாசகியா?

"அவா மிளகாய்த் தோட்டத்தில நிப்பா, போய்ப் பாருங்கோ," என்றார் நூலகர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போனால், பத்துப் பன்னிரண்டு பெண்கள் மிளகாய்ப்பழம் பறிக்கிறார்கள். ராசம்மா வரம்பில் உட்கார்ந்து என் நாவலைச் சத்தமாக வாசிக்கிறார். அவருடைய நிரைச் செடிகளையும் மற்றவர்களே பறித்துவிடுகிறார்களாம். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். தேயிலைக் கொழுந்து பறித்த கைகள், வேகத்தைக் கேட்கவா வேண்டும்!

நான் யாரென்று சொன்னதும் ஒரே ஆரவாரம். அந்த உற்சாகத்தில் புத்தகத்தை வாங்கி நானே வாசிக்கத் தொடங்கினேன். ஒரு பக்கம்கூட முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க நல்லா எழுதுறீங்க. வாசிக்கிறத ராசம்மாகிட்டயே குடுத்துடுங்க," என்றாள் ஒருத்தி.

கொடுத்துவிட்டு ராசம்மாவின் நிரையில் நான் பழம் பறித்தேன். கதையில் கிழவர் பேசும் இடமெல்லாம் ராசம்மா இருமினார். நான் எழுதாத இருமல் அது. ஆனால் அதில்தான் கிழவருக்கு உயிரே வந்தது.

புறப்படும்போது ராசம்மா கேட்டார்: "அந்தக் கெழவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"வாசிச்சுப் பாருங்கோவன்," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரல்கள் எரிகின்றன. சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கு அவர்களுக்குக் கடைசி அத்தியாயம். அதில் கிழவரைச் சாகடித்து வைத்திருக்கிறேன். இனி என்னை அந்தத் தோட்டத்துக்குள் விடுவார்களோ தெரியாது.