பழைய நம்பருக்குப் போகும் ஓடிபி

திங்கள், 8
காலையிலிருந்து தூறல். பஸ்ஸில் நின்றே வந்தேன். இந்த நோட்டு கம்பெனி லாக்கரை விட்டு வெளியே போகக் கூடாது.

அவர் என் சிம்மை உடைத்து இரண்டு வருஷம். இப்போதுள்ள போனில் அவர் விட்டுவைத்த நம்பர்கள் மட்டும்: அவர், மாமியார், நாத்தனார், கேஸ் சிலிண்டர் புக்கிங். காலேஜில் கூடப் படித்த ஓசூர் ஜெனியின் நம்பர் என் பழைய மெயிலின் கான்டாக்ட்ஸில்தான். "எப்ப வேணா கிளம்பி வாடி" என்று சொன்னவள் அவள் ஒருத்தி. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பாஸ்வேர்டு சரி. ஆனால் ஓடிபி கேட்கிறது. அது போவது உடைந்த சிம்மின் நம்பருக்கு.

செவ்வாய், 9
அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ. பக்கத்து மேஜை செல்வி அக்கா போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தது ஓர் ஆட்டோக்காரர்.

"ஓடிபியா? போன மாசந்தாம்மா என் மச்சான் அக்கவுண்ட்ட வழிச்சிகினு பூட்டானுங்கோ. வேற ஆள பாரு."

வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். வாங்க வேண்டியது: பூண்டு, அவருக்கு பிளேடு.

புதன், 10
வெயில். நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவர், "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" தலைவலி என்றேன். போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. இருந்தும் பயமாக இருக்கிறது. எழுதினாலும் குறையவில்லை.

வியாழன், 11
மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை ஆட்டோக்காரரின் மனைவி. யோசித்து வைத்த பொய் வாயில் வரவில்லை. அடிப்பதைச் சொல்லிவிட்டேன். செல்வி அக்காவுக்கே அப்போதுதான் தெரியும். அந்தப் பக்கமிருந்து, "அனுப்ச்சு வுடு. வந்தா படிக்கிறேன்."

படித்தாள். திறந்தது. காலேஜ் பெயர்கள் எல்லாம் அப்படியே. அழுகை வந்தது, அடக்கினேன்.

எல்லா நம்பர்களையும் எக்ஸ்போர்ட் செய்தேன். ஃபைல் செல்வி அக்கா மெயிலுக்கு ஒன்று, பென்டிரைவில் ஒன்று. கம்ப்யூட்டரில் அழித்தாயிற்று. ஜெனி உடனே போனை எடுத்தாள். "எப்ப வர்ற?" சம்பளம் வந்ததும் என்றேன்.

வெள்ளி, 12
காலையில் டிபன் பாக்ஸை அவரே எடுத்துக் கொடுத்தார். எப்போதும் இல்லாத வழக்கம். ஏன் என்று இங்கே வந்துதான் புரிந்தது. அந்த மெயிலைப் புது இடத்தில் திறந்தால் அவர் மெயிலுக்குத் தகவல் போகும். நேற்றே பார்த்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அப்படி அமைத்துக் கொடுத்ததே அவர்தான்.

பதினொரு மணிக்கு செல்வி அக்கா போனில் ஆட்டோக்காரரின் மனைவி.

"இப்ப ஒரு ஆளு போன் பண்ணாம்மா. ஓடிபி யாருக்கு குட்த்தேன்றான். தெரியாதுன்ட்டேன். குரலே சரியில்ல. நீ ஊட்டுக்குப் போவாத."

சம்பளம் வேண்டாம். குமணன்சாவடியில் ஓசூர் பஸ் நிற்கும். கம்பெனி வாசலில் அவர் வண்டி இருக்கிறதா என்று பார்க்கச் செல்வி அக்கா போனாள். வந்துவிட்டாள்.

"நிக்கிது. பின்னால லோடு ஏத்துற கேட் தொறந்து கீது. எழுதுனது போதும், எந்திரிடி."